மழை வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. யாரிடம் போய்ச் சொல்வது, என்ன காகிதம் கேட்பார்கள், ரேஷன் கார்டு இல்லாவிட்டால் என்ன ஆகும், பெயர் விட்டுப்போனால் யாரைப் பிடிப்பது. வெள்ளம் வந்துபோன தெருக்களில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன் என்பதால், அங்கே அதிகம் கேட்கப்படுவதை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகைகள் எல்லாம் அந்தந்தப் பேரிடருக்கு அறிவித்தவை, அடுத்த புயலுக்கு வேறு அரசாணை வரும். அதனால் ஆண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

வரிசையில் நின்று அரசாங்கப் பணம் வாங்கக் கூச்சமாக இருக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, குடிநீர், மருத்துவம், கழிப்பிடம் எல்லாம் குறைந்தபட்சம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று நெறிமுறை வகுக்கச் சொல்வது அந்தப் பிரிவுதான். கணவனை இழந்த பெண்களுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பணம் வருவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. அதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு தமிழ்நாட்டுடையது. இரண்டுமே நாம் சோப்பு வாங்கும்போதும் பெட்ரோல் போடும்போதும் கட்டுகிற வரிதான். நிஜமாகவே தேவை இல்லாதவர்கள் விட்டுக்கொடுத்தால் அது அவர்கள் விருப்பம். ஆனால் வீட்டில் அரிசி மூட்டை நனைந்து, கட்டில் மெத்தை ஊறிப்போய், ‘நாலு பேர் என்ன நினைப்பார்கள்’ என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை என்ன?

கழுவி விடுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். சேறும் சகதியுமாக இருக்கும் வீட்டை உடனே சுத்தம் செய்யத்தான் கை பரபரக்கும், புரிகிறது. ஆனால் கணக்கெடுக்க வருகிறவர்கள் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார்கள், அப்போது சுவரில் தண்ணீர் நின்ற கோடுகூட இருக்காது. அந்தக் கோடு தெரிகிற மாதிரி ஒன்று, வீட்டு எண்ணோ வாசலோ தெரிகிற மாதிரி ஒன்று, இடிந்த சுவர், நனைந்த சாமான் என்று தனித்தனியாக எடுத்து, ஊரில் இல்லாத சொந்தக்காரர் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போன் தண்ணீரில் போனாலும் படம் அவர்களிடம் இருக்கும். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம், அதாவது விஏஓவிடம், ஒரு வெள்ளைத் தாளில் என்னென்ன போயிற்று என்று எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். இன்னொரு பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பெயர் விடுபட்டால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்த ஒரு தாள்தான்.

ஒவ்வொரு மழைக்கும் 6,000 ரூபாய் வருமா?

வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் அரசு அறிவித்த பகுதிகளுக்கு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். சுமார் 24.25 லட்சம் கார்டுகள், 1,455 கோடி ரூபாய் செலவு. அதே மாதம் 17, 18 தேதிகளில் தெற்கே கொட்டித் தீர்த்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், அதில் மோசமாகப் பாதிக்கப்பட்ட தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டங்களுக்கு 6,000, மற்ற இடங்களுக்கும் தென்காசி, கன்னியாகுமரிக்கும் 1,000 என்று பிரித்தார்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு 2,000. 2015 பெருவெள்ளத்துக்கு 5,000 ரூபாய், அதை வங்கிக் கணக்கில் போட்டார்கள். ஆக, எந்த மாவட்டம், எந்த வட்டம், எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் அரசு தனியாக முடிவு செய்கிறது.

இந்தக் குடும்பத் தொகையையும் வீடு, மாடு, பயிருக்கான இழப்பீட்டையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. 6,000 வாங்கிவிட்டேன், இனி வீட்டுக்கு எதுவும் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னிடம் ரேஷன் கார்டே இல்லை. அல்லது கார்டு சொந்த ஊரில் இருக்கிறது, நான் இங்கே வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு?

ரொம்ப நியாயமான கேள்வி, இந்த முறையிலேயே இருக்கிற பெரிய ஓட்டையும் இதுதான். கார்டை வைத்துப் பணம் கொடுப்பது வேகமான வழி, அதில் சந்தேகமில்லை. டோக்கனில் நாளும் நேரமும் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவதால் கூட்ட நெரிசல் குறைகிறது. ஆனால் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருக்கிறவர்கள், பாலத்தடியில் படுக்கிறவர்கள், புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் இருந்தும் தனியாகப் பிழைக்கிற பெண்கள், வீட்டை விட்டு வந்த திருநங்கைகள், இவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. தண்ணீர் முதலில் ஏறுவது இவர்கள் இருக்கிற இடத்தில்தான்.

2023-ல் சென்னையில் கார்டு இல்லாமல் குடியிருந்தவர்களும், சர்க்கரை கார்டு வைத்திருப்பவர்களும் ரேஷன் கடையில் தனி விண்ணப்பம் கொடுக்கலாம் என்று வழி வைத்தார்கள். இப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அன்றைக்கே போய் எழுதிக் கொடுங்கள். குடியிருப்புக்கு வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, பிள்ளையின் பள்ளி அட்டை, எது இருந்தாலும் நகல் வையுங்கள். தெருவில் யாராவது இந்த நிலையில் இருந்தால் அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பல சமயம் அவர்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. மழை இல்லாத மாதத்தில் கார்டுக்கு விண்ணப்பிப்பது இன்னும் நல்லது. தனி ஆளாக இருந்தாலும் கார்டு உண்டு.

வீடு இடிந்துவிட்டது. எவ்வளவு கிடைக்கும்?

மத்திய அரசின் 2022–26 நெறிமுறைப்படி முழுவதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000, மலைப்பகுதியில் 1,30,000. பாதி சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000. குடிசை சேதத்துக்கு 8,000 என்று இருப்பதை ஃபெஞ்சலின்போது தமிழ்நாடு அரசு 10,000 ஆக அறிவித்தது. வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலோ துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 தனியாக உண்டு, இதைப் பலர் கேட்பதே இல்லை. ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்று அந்தப் படிவத்தில் எதை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரும், அதனால் எழுதும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஒரு பக்கச் சுவர் நிற்கிறது, ஆனால் கூரையைத் தாங்காது என்றால் அதை விளக்கமாகச் சொல்லுங்கள், பொறியாளர் வந்து பார்க்கட்டும் என்று கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். இந்த நேரத்தில் போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டுமா?

இதை எழுதுவதே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும். மின்சாரம் தாக்கியோ சுவர் விழுந்தோ வெள்ளத்தில் அடித்துச் சென்றோ இறந்தால், உடலை அறுக்கக் கூடாது என்று அன்றே அடக்கம் செய்துவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் துக்கத்தில் யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மரணம் பேரிடரால்தான் நேர்ந்தது என்று உரிய அதிகாரியின் சான்று இல்லாமல் தொகை வராது. அதற்கு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும், பிறகு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். தேசிய நெறிமுறையில் 4 லட்சம். 2023-லும் 2024-லும் தமிழ்நாட்டில் 5 லட்சம் கொடுத்தார்கள். சம்பாதிக்கிற ஆளை இழந்த வீட்டில் அந்தப் பணம்தான் பிள்ளைகளின் படிப்பு. இழவு வீட்டில் இதைச் சொல்ல வேண்டியது அக்கம்பக்கத்தில் நிதானமாக இருக்கிற யாரோ ஒருவர், குடும்பத்துக்காரர்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

மாடு, ஆடு செத்துப்போனால்?

புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள், படம் எடுங்கள், விஏஓவிடமும் எழுதிக் கொடுங்கள். அதே 2022–26 நெறிமுறைப்படி கறவை மாட்டுக்கு 37,500, உழவு மாட்டுக்கு 32,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. பெரிய கறவை என்றால் ஒரு குடும்பத்துக்கு மூன்று வரை. மாட்டின் காதில் வில்லை இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிர் மூழ்கிவிட்டது. நிலம் குத்தகைக்கு எடுத்தது.

33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தால்தான் தொகை. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலில் இறங்கிப் பார்ப்பார்கள். 2023-லும் 2024-லும் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, மரப்பயிர் மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 22,500. 2018-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500 என்று மரக்கணக்கில் கொடுத்தார்கள்.

குத்தகைக்காரருக்குத்தான் சிக்கல். விதை, உரம், கூலி எல்லாம் அவர் போட்டது, பட்டாவில் இருப்பது நிலக்காரர் பெயர். இதில் உங்களுக்குக் கைகொடுப்பது அடங்கல். யார் பயிர் செய்கிறார்கள் என்று விஏஓ அதில்தான் பதிவு செய்கிறார். ஒவ்வொரு போகத்திலும் நடவு முடிந்ததும் அதில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளம் வந்த பிறகு ஏற்றச் சொன்னால் நிலக்காரரின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கும். பயிர்க் காப்பீடு கட்டியிருந்தால் அது வேறு கணக்கு, அதற்குத் தனியாகப் போய்க் கேட்க வேண்டும்.

பத்திரம், சான்றிதழ் எல்லாம் நனைந்துவிட்டன.

பதறி வெயிலில் போடாதீர்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தோடு பிரித்தால் கிழியும், மையும் சேர்ந்து வரும். நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் தனித்தனியாகப் பரப்பி, நிழலில் காற்று படுகிற மாதிரி வையுங்கள், பேப்பர் ஈரத்தை இழுத்ததும் மாற்றுங்கள். லேமினேட் செய்தது பத்திரம் என்று நினைப்போம். ஆனால் ஓரம் விட்டு உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று எழுத்தைக் கலக்கிவிடும், அதனால் ஓரத்தைக் கத்தரித்து விடுங்கள்.

போனது போய்விட்டது என்றாலும் பெரும்பாலானவை திரும்பக் கிடைக்கும். ஆதாரையும் பட்டாவையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அரசே சிறப்பு முகாம் போட்டு நகல் கொடுக்கிறது, 2023-லும் 2024-லும் அறிவித்தார்கள். மதிப்பெண் பட்டியலுக்கும் அங்கேயே சொல்லுங்கள்.

முகாமில் எங்களைத் தனியாக உட்கார வைத்தார்கள். இதைக் கேட்க முடியுமா?

முடியும், கேட்கத்தான் வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று நேரடியாகச் சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் தலித் மக்களும் இருளர் மக்களும் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், பொருள் கொடுக்கும்போது விடப்பட்டதும் அப்போதே வெளியில் வந்த விஷயங்கள். நடந்தால் தேதி, இடம், யார் பொறுப்பில் இருந்தார்கள் என்று எழுதி மாவட்ட ஆட்சியருக்குக் கொடுங்கள். உடன் இருந்த வேறு சமூகத்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மனுவுக்கு இன்னும் பலம்.

வெள்ளம் இல்லாத நாளில் கிடைக்கிற உதவிகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மாதாமாதம் அரிசி வருகிற வீடு, வங்கிக் கணக்கில் ஓய்வூதியம் விழுகிற வீடு, வெள்ளத்துக்குப் பிறகு சீக்கிரம் எழுந்துவிடும். கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டிய அவசரம் அங்கே குறைவு. தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம், அந்தியோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ. அறுபது வயதான ஆதரவற்றவர்களுக்கும் கணவனை இழந்த ஆதரவற்ற பெண்களுக்கும் ஓய்வூதியம் 2023-ல் 1,000-லிருந்து 1,200 ஆனது, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் பார்ப்பார். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. இவற்றில் ஏதாவது உங்கள் வீட்டுக்கு வர வேண்டியது வராமல் இருந்தால் பங்குனி, சித்திரையிலேயே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் அந்த அலுவலகங்களே வெள்ள வேலையில் இருக்கும்.

பாட்டிக்குக் கைரேகை விழவில்லை, ரேஷன் கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வயதானவர்களுக்கும், பாத்திரம் தேய்த்தும் செங்கல் தூக்கியும் ரேகை தேய்ந்தவர்களுக்கும் இது சகஜம். ரேகை விழாத ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. கருவிழி, ஆதார் மொபைலுக்கு வரும் ஓடிபி என்று வேறு வழிகள் இருக்கின்றன. நடக்கவே முடியாதவர் இன்னொருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். திருப்பி அனுப்பினால் 1967-க்குப் பேசுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லை. யாரிடம் போவது?

முதலில் விஏஓ, பிறகு வட்டாட்சியர். அங்கே நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். முதல்வரின் முகவரி பிரிவுக்கு 1100-இல் பேசியும் பதியலாம். எதற்கும் பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, எங்கள் தெருவில் யார் யாருக்கு எந்தச் சேதத்தின் கீழ் பணம் போயிற்று, என் மனு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். என் அனுபவத்தில் இந்தக் கேள்வி போனதும் பாதி மனுக்கள் நகர்ந்துவிடுகின்றன. ‘ஐநூறு கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன்’ என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். பொய்க் கணக்குக் காட்டி வாங்குவதும் குற்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை.

மத்திய அரசு கொடுக்கவில்லை, மாநில அரசு கொடுக்கவில்லை என்கிறார்களே, எது உண்மை?

2023-ல் மிக்ஜாம் புயல், தென்மாவட்ட வெள்ளம் இரண்டுக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஏப்ரலில் மத்திய அரசின் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து வந்தது சுமார் 276 கோடி. கேட்டதற்கும் வந்ததற்கும் இவ்வளவு தூரம் இருப்பது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்தச் சண்டை முடியும்வரை உங்கள் வீட்டுக்கான தொகை காத்திருக்கத் தேவையில்லை, மாநில நிதியிலிருந்து கொடுக்க வழி இருக்கிறது. ‘டெல்லியிலிருந்து வரணும்’ என்று தாலுகாவில் சொன்னால் ஏற்காதீர்கள்.

நான் வெளியூரில் இருக்கிறேன். பழைய துணி அனுப்பலாமா?

வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது. கிழிந்ததையும் சாயம் போனதையும் யாரும் தொடவில்லை, அதை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாகிப் போனது. எல்லாம் இழந்தவர்களுக்குக் கொடுக்கும்போதுதான் நல்லதாகக் கொடுக்க வேண்டும். புதுத் துணி, அதிலும் உள்ளாடை, நைட்டி, லுங்கி, சின்னப் பிள்ளைகளுக்கான துணி, இவைதான் எப்போதும் பற்றாக்குறை.

அனுப்புவதற்கு முன் அங்கே இருக்கிற ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள், ஏனென்றால் தேவை நாளுக்கு நாள் மாறும். முதல் இரண்டு நாள் தண்ணீர் கேன், சமைத்த சாப்பாடு, பால் பவுடர், நாப்கின், மெழுகுவத்தி, கொசுவத்தி. மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் மீந்துபோய்க் குப்பையில் விழும், அப்போது தேவைப்படுவது பாய், போர்வை, பிளீச்சிங் பவுடர், துடைப்பம், ஸ்டவ். பத்து நாள் கழித்து உதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள், உண்மையில் கையைப் பிடிக்கிற நேரம் அதுதான். தையல் மெஷினில் துரு ஏறிய அக்கா, நனைந்த இஸ்திரி வண்டிக்காரர், இட்லி மாவுக் கிரைண்டர் போனவர், இவர்களுக்கு அரசு நெறிமுறையில் கிடைப்பது குறைவு, பலருக்கு ஒன்றுமே இல்லை. கைவினைஞருக்குக் கருவிக்கு 5,000 என்று ஒரு வரி இருக்கிறது, தள்ளுவண்டிக் கடைக்காரர் அதில் வரமாட்டார். உங்கள் பத்தாயிரம் ரூபாய்க்கு அங்கேதான் மதிப்பு அதிகம்.

பணமாகக் கொடுக்க நினைக்கிறேன். எதில் போடுவது?

முதலமைச்சரின் பொது நிவாரண நிதி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி பிரிவில் முழுத் தொகைக்கும் விலக்கு. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற யுபிஐ முகவரிக்கு அனுப்பாதீர்கள், ஒவ்வொரு புயலுக்கும் போலி முகவரிகள் கிளம்புகின்றன. அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். தெரிந்த தன்னார்வக் குழு என்றால் கணக்கு காட்டுவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், நல்ல குழு அதற்குக் கோபப்படாது. இன்னொன்று, பொருள் வாங்குகிறவரின் முகத்தோடு படம் எடுத்துப் போடாதீர்கள். அந்தப் படத்தை நாளைக்கு அவர் மகள் வகுப்பில் யாராவது பார்ப்பார்கள்.

அவசரத்துக்கு எந்த எண்?

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. அழைக்கும்போது தெருப்பெயரோடு பக்கத்தில் இருக்கிற கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். படகில் வருகிறவர்களுக்குத் தெருப் பலகை தண்ணீருக்குள் இருக்கும். வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால், டயாலிசிஸ் நாள் நெருங்கினால், நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால், அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.